பிலோவுக்குப் பக்கத்து இடம்

பிள்ளைகளே, நம் தெருப் படிப்பகத்தில் நீங்கள் கையால் எழுதி ஒட்டும் பத்திரிகைக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். "நீங்க இன்னா வேல செஞ்சீங்களோ அத்த எழுதுங்க" என்றீர்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன் என்று என் மகள் சொன்னாள். பிழையைத் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செய்த வேலை, உங்களைவிடச் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போய் இறக்குவது. இருபத்திரண்டு வருஷம் சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தேன். இப்போது நம் தெருமுனையில் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார். போன வாரம் அந்த வேன் ஓட்டுகிற தம்பி டீக்கடையில் என்னைக் கேட்டார்: "இன்னா நைனா, பின்னாடி பாக்காமயே பதிமூணு புள்ளைங்கள இந்த ரோட்ல மிதிச்சிகினு போவியாமே, பயமா இருக்காது?"

பயமாகத்தான் இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

வேலை கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று. அதற்கு முன்னால் ராயபுரத்தில் மூட்டை வண்டி இழுத்துக்கொண்டிருந்தேன். முதுகு விட்டுப்போனது. பள்ளிக்கூட வண்டி வைத்திருந்த என் மச்சான் வெளியூர் போகும்போது வண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, "மூட்ட மாதிரி நெனைக்காத மாமு, மூட்ட தானா எறங்கி ஓடாது" என்றான். அவ்வளவுதான் பயிற்சி.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னால் ஒரு சைக்கிள் சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், அவற்றின் மேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் எதிரெதிரே இரண்டு நீளப் பலகை, கதவோரத்தில் ஒரு குட்டிப் பலகை. பக்கவாட்டிலும் கதவிலும் கம்பிவலை. கதவு பின்பக்கம். முன்னால் உட்கார்ந்து மிதிக்கிறவனுக்குப் பெட்டிக்குள் நடப்பது எதுவும் தெரியாது. கைப்பிடியில் ஒரு கண்ணாடி மாட்டிப் பார்த்தேன். அதில் என் தோளும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன.

ஏற்றுவதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். பைகளை வெளியே கொக்கியில் மாட்ட வேண்டும். சாப்பாட்டுக் கூடைகள் கூரை மேல். குட்டிகளை உள்ளே தள்ளி, யு.கே.ஜி. படிக்கிற பெரியவர்களைக் கதவுப் பக்கம் உட்கார வைக்க வேண்டும். கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாள் போட்டு, அதன் மேல் ஒரு கம்பியை முறுக்குவேன். பிறகு தகரத்தில் இரண்டு தட்டு. உள்ளேயிருந்து பிள்ளைகள் திருப்பி இரண்டு தட்டு. அது கேட்ட பிறகுதான் பெடலில் கால் வைப்பேன்.

ஓடும்போது என் காதுதான் கண். பாட்டு, சண்டை, அழுகை, எது வேண்டுமானாலும் கேட்கட்டும். சத்தம் இருக்கிறவரை எல்லோரும் இருக்கிறார்கள். சட்டென்று சத்தம் நின்றால் முதுகில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போலிருக்கும்.

எங்கள் பள்ளிக்குப் பெரிய டீச்சர் ஸ்டெல்லா. மெலிந்த உடம்பு. வெள்ளைப் புடவை. கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். காலையில் கேட்டருகே நிற்பார். வண்டி வந்ததும் பிள்ளைகளைப் பார்க்க மாட்டார், முதலில் என்னைத்தான் பார்ப்பார்.

"ஊதுங்க ஏழுமலை."

அவர் முகத்துக்கு நேரே நான் ஊத வேண்டும். குடித்திருக்கிறேனா என்று பார்க்கிறார். முதல் நாள் எனக்கு ரொம்ப அவமானமாகப் போயிற்று. என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லவர்னு எனக்குத் தெரியும். ஆனா நான் தினமும் கேப்பேன். நல்லவர்னு ஒரு நாள் விட்டா, அந்த ஒரு நாள் போதும்" என்றார். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக இறக்கச் சொல்லி, தலையில் கை வைத்து எண்ணுவார். தப்பு செய்தால் மற்றவர்கள் எதிரில் திட்ட மாட்டார். எல்லோரும் உள்ளே போன பிறகு, மணி சொல்லுகிற குரலிலேயே சொல்லுவார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜூன் மாதம் பிலோமினா என் வண்டிக்கு வந்தாள். எல்லோரும் பிலோ என்று கூப்பிட்டார்கள். நாலு வயது. திருவொற்றியூர்க் குப்பத்துப் பிள்ளை. அப்பா விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். அம்மா லூர்து இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறவர். காலையில் கம்பெனி வேன் வந்துவிடும், அதற்கு முன் பிள்ளையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும்.

முதல் நாளே சொல்லிவிட்டார். "கைய புடிச்சி தூக்காதீங்கண்ணா. அதுவா ஏறும். யாராவது லேசா பட்டா போதும், நெருப்பு பட்டா மாதிரி கத்தும். ஹாரன் கேட்டா காத பொத்திக்கும். சட்டக் காலர்ல இருக்கற துணி லேபிள்கூட ஆவாது, நான் பிளேடு வெச்சி எடுத்துடுவேன்."

"டாக்டராண்ட காட்னியாம்மா?"

"காட்னேன். காது நல்லாகீது, கண்ணு நல்லாகீதுன்னுட்டார். அம்மா வளத்த வெதம்னு சொல்லி அனுப்சிட்டாரு."

இப்போது அதற்குப் பெயர் இருக்கிறதாம், பயிற்சியெல்லாம் இருக்கிறதாம். நமக்கு லேசாகத் தெரிகிற சத்தமும் தொடுதலும் சில பிள்ளைகளுக்குப் பல மடங்காகத் தெரியுமாம். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. பிடிவாதம் என்றார்கள், காற்று கருப்பு என்றார்கள். யாரோ சொல்லி, லூர்து அவள் மணிக்கட்டில் மந்திரித்த கயிறு ஒன்று கட்டினார். பயம் போகக் கட்டிய கயிறு அந்தப் பிள்ளையை உரசி உரசி அழ வைத்தது. மூன்றாம் நாள் பல்லாலேயே கடித்து அறுத்துவிட்டாள்.

பெட்டிக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். அதில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி சங்கீதா. யு.கே.ஜி. ஒல்லிப் பிள்ளை. வாய் மட்டும் காசிமேட்டுச் சந்தை. இன்னொருவன் டில்லிபாபு. ஐந்து வயதுதான், ஆனால் பலகையில் இரண்டு பேர் இடம் வேண்டும் அவனுக்கு. "டில்லி பக்கத்துல வாணாம் மாமா, நசுக்கறான்" என்று தினமும் புகார். அவனை யாரும் தன் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள். அவன் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டான். பன்னைத் தின்றுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான்.

ஒரே வாரத்தில் பிள்ளைகள் பிலோவை வைத்து ஒரு விளையாட்டு கண்டுபிடித்துவிட்டார்கள். சங்கீதாதான் தலைவி. ஒரு விரலால் பிலோவைத் தொட வேண்டும், அவள் கத்தியதும் எல்லோரும் சேர்ந்து "தொட்டாச்சிணுங்கி! தொட்டாச்சிணுங்கி!" என்று கத்த வேண்டும். நான் வண்டியை நிறுத்தி இறங்கிப் போவதற்குள் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். பிலோ மட்டும் பலகைக்குக் கீழே ஒண்டிக்கிடப்பாள்.

"யார்ரா தொட்டது?"

"யாரும் தொடல மாமா. அதுவா அய்வுது."

எனக்கு அப்போது ஏழு வயதில் ஒரு மகள். அவளை யாராவது இப்படிச் செய்திருந்தால் சும்மா இருந்திருப்பேனா? அதனால் நல்லது என்று நினைத்து ஒரு காரியம் செய்தேன். கதவோரக் குட்டிப் பலகையைப் பிலோவுக்கென்று ஒதுக்கினேன். தனி இடம். யாரும் அவளைத் தொட முடியாது. காற்றும் வரும். அவளுக்கு ராணி மாதிரி இடம் கொடுத்துவிட்டேன் என்று பெருமைப்பட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். என் முறைப்படி கதவோரம் பெரிய பிள்ளைகளுக்கு. அந்த முறையை நானே மாற்றினேன்.

பள்ளியிலும் அவள் தனியாகத்தான் இருந்தாள். மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். சாப்பாட்டு மணி அடித்தால் ஒரு மணி நேரம் அழுகையாம். அக்டோபரில் ஸ்டெல்லா டீச்சர் என்னை நிறுத்தி வைத்தார்.

"ஏழுமலை, அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்றேன். நாப்பது பிள்ளைங்க, ஒரு ஆயா. ஆயா அவ ஒருத்தி பின்னாடியே ஓடறாங்க. நேத்து வாசல் கேட் வரைக்கும் வந்துட்டா. கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் பாப்பேன். நல்லா படிக்கணும், பேசணும்னு கேக்கல. ஒரே ஒரு பிள்ளைகூட உக்காந்து சாப்பிடட்டும், போதும். இல்லன்னா பேர எடுத்துடுவேன்."

"பேர எடுத்துட்டா அந்தப் புள்ள வூட்ல தனியா இல்ல டீச்சர் இருக்கணும்."

"தெரியும். அதனாலதான் கிறிஸ்துமஸ் வரைக்கும்" என்றார்.

லூர்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவார். வேறு வழி கிடையாது. அடுப்பு, மண்ணெண்ணெய், தண்ணீர் டிரம், நாலு வயதுப் பிள்ளை.

அடுத்த வாரமே அது நடந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் அன்றைக்கும் வரிசையாக நிற்கும். சில நாள் காலையிலிருந்து மாலைவரை நகராது. நான் அந்த வரிசைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் வண்டியை விடுவேன். அன்றும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் சங்கீதா ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற டிரெய்லர் ஏர் ஹாரன் அடித்தது. தகரப் பெட்டியே அதிர்ந்தது.

பாட்டு நின்றுவிட்டது.

"மாமா! பிலோ கீழ குதிச்சிட்டா!"

இறங்கி ஓடினேன். கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. கதவு வலையின் கிழிசல் வழியாகக் கையை விட்டுக் கம்பியைப் பிரித்து, தாழ்ப்பாளையும் இழுத்திருக்கிறாள். எத்தனை நாளாக அதைப் பார்த்து வைத்திருந்தாளோ. குட்டிப் பலகை காலி.

பிள்ளைகளே, அந்த ஒரு நிமிஷத்தை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திறந்த கதவுக்குள் பன்னிரண்டு பேர். லாரிகளுக்கு நடுவில் ஒருத்தி. அவளைத் தேடிப் போனால் இவர்கள் இறங்கிவிடுவார்கள். இவர்களைப் பூட்ட நின்றால் அவள் போய்விடுவாள். கம்பி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவசரத்தில் தாழ்ப்பாளும் மாட்டவில்லை. "யாரும் எறங்காதீங்க! எறங்கினா கால ஒடிச்சிடுவேன்!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

முதல் டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இல்லை. இரண்டாவது. இல்லை. அப்போது தூரத்தில், வரிசையின் தலைப்பக்கம், ஒரு இன்ஜின் கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. வரிசை நகரப் போகிறது. ஒவ்வொரு லாரியாக உறுமிக்கொண்டு அந்தச் சத்தம் என்னை நோக்கி வந்தது. நான் தகரத்தில் ஓங்கி ஓங்கி அறைந்தேன். "நிறுத்துப்பா! கொயந்த! கொயந்த கீது!" டிரைவர் மேலே உயரத்தில் பாட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எங்கே கேட்கும்?

மூன்றாவது டிரெய்லரின் பின்சக்கரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஷூ தெரிந்தது.

முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையில் ஒரு முழ இடம்கூட இருக்காது. அதற்குள் அவள் தன்னைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஒன்று மட்டும் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது. அவள் அழவில்லை. கண்ணை மூடி, கன்னத்தை டயரில் வைத்து, முதுகை இன்னொரு டயரில் அழுத்திக்கொண்டு, தூங்குகிற பிள்ளை மாதிரி அமைதியாக இருந்தாள். மெத்தையில் படுத்திருக்கிற முகம்.

இரும்பு உதறியது. அந்த லாரியும் கிளம்பிவிட்டது. நான் உள்ளே பாதி உடம்பை விட்டு அவள் காலைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைக் கடித்தாள். விடவில்லை. இரண்டு பேரும் சுவரோரம் வந்து விழுந்தோம். டயர் மெதுவாக உருண்டு, அவள் இருந்த இடத்தில் ஏறிப் போனது.

அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன். எத்தனை பேர் குறைந்திருப்பார்களோ என்று எண்ணக்கூடப் பயம். கதவு வாசலில் டில்லிபாபு, முதுகை எங்களுக்குக் காட்டி, கதவு நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் அடைச்சிகினேன் மாமா. சங்கீதா எறங்கப் பாத்தா. வுடல."

"அவன் என்னை வயித்தால இடிச்சிட்டான் மாமா" என்றாள் சங்கீதா, அழுதுகொண்டே.

பன்னிரண்டு பேரும் இருந்தார்கள்.

பிலோவை இனி கதவோரம் விட முடியாது. யோசிக்க எனக்கு நேரமும் இல்லை. டில்லிபாபுவை உள் மூலைக்குத் தள்ளி, அவனுக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் அவளைச் சொருகினேன். கத்தப் போகிறாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டு மிதித்தேன். கத்தல் வரவில்லை. பள்ளிவரை வரவில்லை.

கேட்டில் டீச்சர் நின்றார். "ஊதுங்க." ஊதினேன். பதிமூன்று தலை எண்ணினார். பிறகு, "கையில என்ன ரத்தம்?"

"செயின்ல மாட்டிகிச்சு டீச்சர்."

பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயம். பிலோவின் பெயரை அன்றே எடுத்துவிடுவார்கள் என்று அதைவிடப் பயம். லூர்துவிடமும் சொல்லவில்லை. கதவுக்குப் புதுக் கம்பி வாங்கி இரண்டாக முறுக்கினேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னா நைனா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். கண்ணை மூடினால் டயர் உருண்டது.

ஆனால் அதே டயர்தான் எனக்கு விஷயத்தையும் சொல்லிக் கொடுத்தது. விரல் பட்டால் துடிக்கிற பிள்ளை, இரண்டு டயருக்கு நடுவில் நசுங்கி எப்படி நிம்மதியாக இருந்தது? டில்லிபாபுவுக்கும் தகரத்துக்கும் நடுவில் எப்படிச் சும்மா வந்தது? லேசாக உரசினால்தான் அவளுக்கு ஆகாது. இறுக்கி அழுத்தினால் பிடிக்கிறது. நான் தனி இடம் கொடுத்து அவளை அந்தரத்தில் விட்டிருந்தேன்.

மறுநாளும் டில்லிபாபு பக்கத்திலேயே உட்கார வைத்தேன். ஒரு வாரம் கழித்து அவனே வந்து சொன்னான்.

"மாமா, இவ என்னை இடிச்சிகினே வர்றா."

"வலிக்குதாடா?"

கொஞ்சம் யோசித்தான். "இல்ல. ஸோக்கா கீது."

அவன் பக்கத்தில் உட்கார ஆசைப்பட்ட முதல் ஆள் அவள்தான். அவனுக்கு அது பெரிய கௌரவம். பள்ளியிலும் மேசைக்கு அடியில் அவள் போனால் அவனும் கூடவே போய் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அவள் காய்ந்த பன்னை மட்டும் தின்பாள், மற்றதை அவன் தின்பான். நவம்பர் கடைசியில் டீச்சர் என்னை நிறுத்தினார்.

"அந்தப் பையன் பக்கத்துல உக்காந்து சாப்பிடறா. ஆனா ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசறதில்ல."

"நீங்க பேசணும்னு கேக்கலியே டீச்சர்."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

டிசம்பர் பிறந்ததும் டில்லிபாபுவுக்கு அம்மை போட்டுவிட்டது. அவர்கள் வீட்டு வாசலில் வேப்பிலை சொருகியிருந்தது. நான் மணி அடித்ததும் அவன் அம்மா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, போ என்று சைகை காட்டினார். மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கிறவரை அந்த வீட்டுக்கு யாரும் போக முடியாது. எப்படியும் இரண்டு வாரம்.

பிலோ உள்ளே எழுந்து நின்றுவிட்டாள். மூலையில் அவன் இல்லை. வண்டியை நகர்த்தினேன். கத்த ஆரம்பித்தாள். தகரத்தில் தலையை மோதினாள். வலைக்குள் கையை விட்டுக் கம்பியைத் தேடினாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலை. லாரி வரிசை நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. என்னால் முடியவில்லை. வண்டியைத் திருப்பி, பதிமூன்றில் ஒன்று குறைந்த பிள்ளைகளோடு, குப்பத்துக்கே போனேன். லூர்து கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"அந்தப் பையனுக்கு அம்மைம்மா. அவன் வர்ற வரைக்கும் பிலோ வாணாம். என்னால இட்டுகினு போவ முடியாது."

"ஏண்ணா? ரெண்டு வாரம்ணா... டீச்சர் இன்னா சொல்லியிருக்காங்க தெரியும் இல்ல?"

அங்கே வைத்துத்தான் சொன்னேன். ஹாரன், கதவு, டயர், எல்லாம். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன்.

"தெரியும்ணா" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னிக்கு கவுன் பூரா கிரீஸு. டயர் அச்சு அப்டியே முதுகுல. பள்ளிக்கூடத்துல கிரீஸ் ஏதுண்ணா? ராத்திரி பூரா அத்த வெச்சிகினு உக்காந்திருந்தேன். கேட்டா, இந்தப் புள்ள எனக்கு வாணாம்னு நீங்க நின்னுடுவீங்களோன்னு கேக்கல. வேற எந்த வண்டிக்காரரும் ஏத்த மாட்டேன்னுட்டாங்க. எனக்கும்தான் தெனம் வவுறு எரியுது. பூட்டிட்டு போனா அத்த வுட எரியும்."

ஒன்றரை மாதம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருக்கிறோம். அவருடைய வேன் வந்து ஹாரன் அடித்தது. பிலோ காதைப் பொத்திக்கொண்டு வண்டிக்குள் சுருண்டாள். அவர் ஏறவில்லை.

"அந்தப் பையன் இன்னாதாண்ணா பண்ணான் அவள?"

"ஒண்ணும் பண்ணல. நசுக்கிகினு உக்காந்தான்."

வலைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. சங்கீதா. இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மாமா, நானும் இவளும் சேந்தா ஒரு டில்லி."

பக்கத்தில் இருந்த இன்னொரு ஒல்லிப் பிள்ளையைக் காட்டினாள். நான் கதவைத் திறந்தேன். "விரல் படக் கூடாது. தோளு, முதுகு. நல்லா அழுத்தி. வெளையாட்டு கெடையாது" என்றேன். சங்கீதா தலையை ஆட்டினாள். பிலோவின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அந்த ஒல்லிப் பிள்ளை. இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். போதவில்லை. பிலோ முனகினாள். "இன்னும் ரெண்டு பேர் வாங்கடி" என்றாள் சங்கீதா. பலகையின் இரண்டு கோடியிலிருந்தும் பிள்ளைகள் நடுவை நோக்கி நெருக்கினார்கள்.

லூர்து வலையில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் வேனில் ஏறிக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் நான் மிதிக்கவில்லை. இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன், பத்தடிக்கு ஒரு தடவை நிறுத்திப் பின்னால் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்து. ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. நான் பின்னால் ஓடித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் நெருக்கினார்கள், தகரம் கிறீச்சென்றது. அந்தக் குவியலுக்குள்ளிருந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல்:

"இன்னும்."

அன்று டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஊதுங்க" என்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் பிள்ளைகளை எண்ணி உள்ளே அனுப்பிவிட்டு வந்தார். வேலை போயிற்று என்றே நின்றேன்.

"தாழ்ப்பாள கீழ, பிள்ளைங்க கை எட்டாத எடத்துக்கு மாத்துங்க. வலைய மாத்துங்க. மாத்தாம நாளைக்கு வராதீங்க" என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "உங்கள நிறுத்திட்டா வேற ஒருத்தர் வருவார். அவர் இத கத்துக்க இன்னொரு லாரி வேணுமா? அதனாலதான். மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதீங்க."

அன்று மாலையே வெல்டிங் கடையில் தாழ்ப்பாளை மாற்றினேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு மூன்று நாள் இருக்கும்போது டில்லிபாபு வந்தான். முகமெல்லாம் தழும்பு, கொஞ்சம் இளைத்திருந்தான். அப்போதும் இரண்டு பேர் இடம்தான். உள்ளே ஏறி மூலையைப் பார்த்தான். பிலோ. அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள்.

"ஏய், அது என் எடம்."

"போடா குண்டு. ரெண்டு வாரமா நாங்கதான் அவள நசுக்கிகினு வரோம். நீ கதவாண்ட போ" என்றாள் சங்கீதா.

"நான்தான் மொதல்ல!"

"இன்னா மொதல்ல? பேரு எழுதி வெச்சிருக்கியா?"

அவன் அவளைத் தள்ள, அவள் அவன் சட்டையைப் பிடிக்க, பன்னிரண்டு பேரும் கட்சி பிரிந்து கத்தினார்கள். மற்ற நாளாக இருந்தால் ஒரு அதட்டலில் அடக்கியிருப்பேன். அந்த வண்டியில் யாருக்கும் வேண்டாத பிள்ளையின் பக்கத்து இடத்துக்கு இத்தனை சண்டை. அதைத் தீர்த்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. கதவைச் சாத்தினேன். கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

நெடுஞ்சாலைக்கு வந்தோம். வரிசை நின்றது. சுவரை ஒட்டி மெதுவாக மிதித்தேன். எங்களுக்கு மிகப் பக்கத்தில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. நான் பெடலை நிறுத்திக் காதைக் கொடுத்தேன். பின்னால் சண்டை நிற்கவில்லை. "நவுரு! டில்லிக்கு எடம்! நவுரு!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்திக்கொண்டிருந்தது பிலோ.